எண்ணாமல் விட்ட கை

எங்கள் அத்தான் காலமான துக்கத்தில் அக்கா வீட்டைவிட்டு இறங்க முடியாமல் இருந்த ஓர் ஆடி மாதத்தில், அவர் வர முடியாது என்று தெரிந்தே நான் கம்பெனிக் கூட்டத்தைக் கூட்டினேன். மகன் மூலம் அவர் சொல்லி அனுப்பிய மறுப்பை எண்ணாமல் விட்டேன். அவரை வர முடியாமல் வைத்திருந்தவனும் நானே.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரை இப்படித் தொடங்கலாமா என்று மருமகனிடம் கேட்டேன். அக்காவின் ஒரே மகன் அவன். இந்த மலரை அச்சிட்டு உங்களுக்குத் தருகிறவனும் அவன்தான். "எழுதுங்க மாமா. அத எழுதலைன்னா அம்மாவப் பத்தி எழுதுனதாவே ஆகாது" என்றான். அதனால் எழுதுகிறேன். படிக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது அச்சன்புதூரில். மூன்று பிள்ளைகளில் மூத்தவர் அவர். அடுத்தவன் நான், கடைசிப் பிள்ளை தம்பி. அப்பாவுக்கு வயலும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தென்காசிக்குக் குடிவந்தார். அக்கா பள்ளி இறுதி வகுப்பை முடித்த வருடம், குற்றாலத்தில் அருவிக்குப் போகும் சாலையில் ஒரு பழைய தங்கும் விடுதியை அப்பா வாங்கினார். பின்னால் நான் மதுரைக்குச் சட்டம் படிக்கப் போனேன். அக்கா விடுதிக்கு வேலைக்குப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அறைகளைப் பூட்டிச் சாவியை அப்பா எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "இங்கன குடுங்கப்பா" என்று சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகியவர்தான், பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அந்த விடுதிக்கு ஆள் வர வைத்தது அக்கா கட்டிய சமையல் கொட்டகை. முதல் சீசனில் ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் அரிசி, பருப்பு, அண்டா, விறகு எல்லாவற்றோடும் குளிக்க வந்திருந்தது. சாலையோரத்தில் கல் கூட்டிப் பொங்கியவர்களைப் போலீஸ் விரட்டியது. சாரல் வேறு. பாதி வெந்த சோற்றுப் பானையோடு அவர்கள் நின்றதைப் பார்த்து, அக்கா வாசலில் இருந்தே கூப்பிட்டார். "பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு, அங்கன வச்சுப் பொங்குங்க."

புகை பிடித்துச் சுவர் கறுத்துவிட்டது என்று அப்பா சத்தம் போட்டார். "சுவரு கறுத்தா வெள்ளையடிக்கலாம்பா. அவுக பசியோட திரும்பிப் போனா அடுத்த வருசம் வருவாவளா?" என்றார் அக்கா. அடுத்த வருடம் அவர்கள் வந்தார்கள், அண்டை அயலாரையும் கூட்டிக்கொண்டு. அக்கா தகரக் கூரை போட்டு, வரிசையாகச் செங்கல் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் வைத்தார். வெளியே வாங்கிச் சாப்பிடத் தெம்பில்லாத குடும்பங்கள் சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் இருந்து வேன் பிடித்து வந்தன. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், ஏமாந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கொட்டகையில் அக்காவே உப்புமா கிண்டுவார். "அருவி நாளைக்கும் விழும், உப்புமா ஆறிரும்" என்பார்.

அக்காவைச் சுரண்டையில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் ராணுவத்தில் இருந்தார். வருடத்தில் ஒருமுறை வருவார், போவார். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் அக்கா கைக்குழந்தையோடு சுரண்டைக்கும் குற்றாலத்துக்கும் பஸ்ஸில் அலைந்தார். சீசன் முடிந்துதான் நிம்மதியாகத் தூங்குவார். தன் கஷ்டத்தைப் பிறந்த வீட்டில் சொல்லி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அத்தான் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் அவர் முகத்தில் சதை பிடித்தது.

அப்பாவுக்குத் தள்ளாமை வந்தபோது விடுதியைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். எனக்கும் தம்பிக்கும் அக்காவுக்கும் பங்குகளைச் சமமாகப் பிரித்தார். சித்தப்பாவின் பிள்ளைகள் இருவருக்குப் பெயருக்குக் கொஞ்சம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சம பங்கா என்று உறவில் முணுமுணுப்பு எழுந்தது. "சாவி அவ இடுப்புலதானே இருந்துச்சு. அப்போ யாரும் பேசலையே" என்று அப்பா கேட்டார். பெரிய மாற்றம் எதற்கும் முக்கால் பங்கு ஓட்டு வேண்டும் என்று ஆடிட்டர் விளக்கியபோது அப்பாவுக்குச் சந்தோஷம். "அப்போ மூணு பேருல ஒரு ஆளு வேண்டாம்னாக்கூட நடக்காது. அப்படித்தானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைச் சேர்த்து வைக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அப்பா காலத்துக்குப் பிறகு நானும் தம்பியும் நிர்வாகத்தைப் பார்த்தோம். நான் தலைவர். குற்றாலத்தில் புதுப் புது ஏசி விடுதிகள் வந்துகொண்டிருந்தன. கொட்டகையை இடித்துவிட்டு அங்கே ஏசி அறைகளும் கார் நிறுத்தும் இடமும் கட்ட நினைத்தோம். அக்கா ஒப்பவில்லை. "கட்டுங்க, வேண்டாம்னா சொன்னேன்? கொட்டகைய விட்டுட்டுக் கட்டுங்க" என்றார். விட்டுவிட்டுக் கட்ட இடம் இல்லை. நான் பேசிப் பார்த்தேன், தம்பி பேசிப் பார்த்தான். அக்கா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "எனக்கு லாபம் வேண்டாம்லே. அந்த எடத்துல எனக்கு ஒரு சொல்லு வேணும். அவ்வளவுதான்."

அந்தச் சொல்லை எடுக்க நான் வழி கண்டுபிடித்தேன். இயக்குநராகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு புதிய வகைப் பங்கு. மற்றப் பங்குக்கு ஓர் ஓட்டு என்றால் இதற்குப் பத்து ஓட்டு. பொறுப்பில் இருந்தது நானும் தம்பியும். ஒரு ஆள் வேண்டாம் என்றால் வேலையே நின்றுவிடும் என்று சொல்லித் தம்பியைத் தலையாட்ட வைத்தேன். அது வந்துவிட்டால் அக்காவின் மூன்றில் ஒரு பங்கு எதையும் தடுக்காது. ஆனால் அதைக் கொண்டுவரவும் முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். அக்கா எதிர்த்தால் நடக்காது.

அந்த நிலையில்தான் வைகாசிக் கடைசியில் அத்தான் காலமானார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கணவரை இழந்தவர் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தாலும் தானாக வெளியே இறங்குவதில்லை. பிறந்த வீட்டார் வந்து, கையைப் பிடித்துத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அதன் பிறகுதான் அவர் எங்கும் போகலாம், வரலாம். அப்பா இல்லாத வீட்டில் அது மூத்த தம்பியான என் கடமை. விசேஷம் முடிந்தபோது ஆனி மாதத்தில் இன்னும் நாள் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். "ஆடி வருதுக்கா. அவசரமாக் கூட்டிட்டுப் போக வேண்டாம். ஆவணி பொறக்கட்டும், நல்ல நாள் பாத்து வாரேன்" என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

ஆடியில் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பினேன்.

வர முடியாத பங்குதாரர் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பலாம். அக்கா மகனை அனுப்பினார். அப்போதுதான் போலீஸ் வேலையில் சேர்ந்திருந்தான். விடுதியின் மாடி ஹாலில் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தம்பியும் சித்தப்பா பிள்ளைகள் இருவரும் எதிரே. மருமகன் ஓரத்து நாற்காலியில், துக்கத்துக்கு எடுத்த மொட்டைத் தலையோடு. தீர்மானத்தை வாசித்துவிட்டு, ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னேன். நால்வரும் தூக்கினோம். எதிர்ப்பு என்று கேட்டேன். மருமகன் கையைத் தூக்கினான்.

"போலீசு கை தூக்குதுலே. நாம கைய எறக்கிருவோம், லத்தி எதும் வச்சிருக்கப் போறான்" என்று சித்தப்பா மகன் கேலி செய்தான். தம்பி சிரித்தான்.

"மாப்ள, நீ பதில் ஆளா வந்திருக்க. கை தூக்கி எடுக்குற ஓட்டுல பதில் ஆளை எண்ண முடியாது. சட்டம் அப்படி" என்றேன்.

"அப்போ எங்கம்மா வேண்டாம்னு சொல்லச் சொன்னாவளே?"

"அத எண்ண முடியாதுடே."

"அப்போ நான் எதுக்கு மாமா வந்தேன்?" கையை இறக்காமலே கேட்டான். "வேற வழி இல்லையா?"

வழி இருந்தது. 'சீட்டுப் போட்டு எண்ணுங்க' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சீட்டுப் போட்டே தீர வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை பதில் ஆளுக்கும் உண்டு. சீட்டில் தலைகளை எண்ண மாட்டார்கள், பங்குகளை எண்ணுவார்கள். அக்காவின் பங்கு தீர்மானத்தை அங்கேயே நிறுத்தியிருக்கும். அந்த ஹாலில் இதைத் தெரிந்தவன் நான் ஒருவன்.

"இல்லை" என்றேன்.

எதிர்ப்பு இல்லை, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தேன். மருமகன் மெதுவாகக் கையை இறக்கினான். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டோம். அவன் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனான்.

ஆவணி பிறந்ததும் சுரண்டைக்குப் போனேன். அக்கா தயாராக இருந்தார். கையைப் பிடித்து அழைத்து வந்து காரில் உட்கார வைத்தேன். வழியில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"பய சொன்னான், அவன் கைய எண்ணலையாமே."

"சட்டம் அப்படிக்கா."

"சட்டம் படிச்சவன் நீ. எனக்கு என்ன தெரியும்." கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, "ஆனா ஆடி கழியட்டும்னு நீ காத்திருந்தது நல்லதுலே. அத்தான் வீட்டு ஆளுக வாயில விழாமக் கழிஞ்சுது. அப்பா இருந்தாலும் அப்படித்தான் பாத்துச் செஞ்சிருப்பாவ" என்றார். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சீசன் முடிந்ததும் கொட்டகையை இடித்தோம். ஏசி அறைகள் வந்தன. ஆலங்குளத்துக் குடும்பங்கள் வருவது நின்றது.

அக்கா வழக்குப் போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. பொங்கலுக்கு முறுக்கு வரும், தோட்டத்து முருங்கைக்காய் வரும். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவார். ஜன்னலோர நாற்காலி. கணக்குக்கு ஆதரவு, ஆடிட்டருக்கு ஆதரவு. என்னைத் தலைவராக நீட்டிக்கும் தீர்மானம் வரும்போது மட்டும் எதிர்ப்புக்குக் கை தூக்குவார். மெலிந்த கை, ரப்பர் வளையல். "எதிர்ப்பு ஒன்று" என்று நானே அறிவிக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் பையிலிருந்து ஏதாவது பலகாரத்தை எடுத்து என் கையில் தருவார். ஒருமுறை, "இன்னும் கோவமாக்கா?" என்று கேட்டேன். "உன் மேல எனக்கு என்ன கோவம்? நாற்காலி மேலதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

போன வருடம் அக்காவின் உடம்பு விழத் தொடங்கியது. என் மனைவியும் அதற்குச் சற்று முன்புதான் காலமாகியிருந்தாள். யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மருமகன் தூக்கிய கைதான் கண்ணில் நின்றது. புதிய வகைப் பங்கை ரத்து செய்து, பழையபடி எல்லாப் பங்குக்கும் ஒரே ஓட்டு என்று ஆக்க ஒரு தீர்மானம் எழுதினேன். அதற்கு அந்தப் பங்கை வைத்திருப்பவர்களில் முக்கால் பங்கின் சம்மதம் வேண்டும். வைத்திருந்தது நானும் தம்பியும் பாதிப் பாதி. தம்பி சம்மதிக்காமல் நடக்காது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, அன்னிக்கு நீங்க சொன்னதத்தான் இன்னிக்கு நான் சொல்லுதேன். ஒரு ஆளு வேண்டாம்னா வேலை நின்னுரும்னு சொன்னது யாரு? நான் மண்டைய ஆட்டுனவன். அப்போ சட்டம், இப்போ பாவமா?" என்றான். அவன் மகன் இப்போது விடுதியைக் கவனிக்கிறான். தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஆனாலும் கூட்டத்தைக் கூட்டினேன். அக்கா அப்போது தென்காசியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுபடியும் மகனை அனுப்பினார். தலை நரைக்கத் தொடங்கிய இன்ஸ்பெக்டராக அவன் வந்தான். அதே ஹால், அதே ஓரத்து நாற்காலி.

"நான் பதில் ஆளுதானே மாமா. கை தூக்கலாமா, கூடாதா?" என்று கேட்டான்.

"தூக்க வேண்டாம் மாப்ள. இந்தத் தடவை சீட்டு" என்றேன். யாரும் கேட்காமலே சீட்டுப் போடத் தலைவர் உத்தரவிடலாம். அதுவும் அன்றும் எனக்குத் தெரிந்ததுதான். அக்காவின் பங்குகளுக்கான சீட்டை அவன் கையிலிருந்து நானே வாங்கினேன். ஆதரவு. தம்பியின் சீட்டு எதிர்ப்பு. தீர்மானம் விழுந்தது.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டேன், அக்காவுக்குப் பிடிக்கும். உரித்து ஒரு சுளையை வாயில் வைத்தேன்.

"என் ஓட்டை எண்ணுனியா?"

"எண்ணுனேன்கா."

"செயிச்சுதா?"

"இல்லக்கா."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. "எண்ணாம விட்டப்பவும் தோத்தேன், எண்ணுனப்பவும் தோத்தேன். கொட்டகை இருந்த எடத்துல காரு நிக்கி. நீ இப்போ எண்ணி என்னலே செய்ய?"

அதோடு விட்டிருக்கலாம். என் மனப் பாரத்தை இறக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். "ஆடின்னு சொன்னதும் பொய்க்கா. உன்னக் கூட்டிட்டு வந்தா நீ கூட்டத்துக்கு வந்திருவேன்னுதான் வரல" என்றேன்.

அக்காவின் வாய் அசைவது நின்றது. என்னையே பார்த்தார். "கைய எண்ணாம விட்டது எனக்கு எப்பவோ தெரியும். பய ஒரு வக்கீல்ட்ட கேட்டுச் சொல்லிட்டான். சரி, அது கம்பெனின்னு விட்டேன். ஆடி நெசம்னுதாம்லே நெனச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு, "அத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மீதிப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

அதன் பிறகும் நான் போனேன். அக்கா பேசினார், சாப்பிட்டியா என்று கேட்டார், தம்பி மகனுக்குப் பெண் பார்க்கிறார்களா என்று கேட்டார். ஆடியைப் பற்றியோ ஓட்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஐப்பசி மழை பிடித்த நாட்களில் அவர் உயிர் பிரிந்தது.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் சுரண்டைக்குப் போனோம். வாசலில் மருமகன் நின்றான். எனக்குப் படியேற முடியவில்லை. "அம்மா எதும் சொல்லிட்டுப் போனாவளா மாப்ள? கோடி நான் போடலாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மாமா. வாங்க, போடுங்க."

போட்டேன். அக்கா மன்னித்துச் சொல்லாமல் இருந்தாரா, மன்னிக்காமல் சொல்லாமல் இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழி இல்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் தலைவர் பொறுப்பையும் இயக்குநர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். பொறுப்பை விட்டால் அந்தப் பங்குகளின் கூடுதல் ஓட்டும் போய்விடும் என்று எழுதி வைத்தவன் நானே. அப்படியே போயிற்று. இப்போது அது தம்பியிடம் மட்டும் இருக்கிறது.

அக்காவின் கடைசி நாட்களில் இரவு பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட மருமகள், ஆஸ்பத்திரி மருத்துவர்கள், செவிலியர்கள், கொட்டும் மழையில் பந்தல் போட்டுத் துணைநின்ற சுரண்டைத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. யார் சொல்லிக் கேள்விப்பட்டார்களோ, ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். துஷ்டி வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெருவில் கல் கூட்டி அவர்களே பொங்கிப் போட்டார்கள். அவர்கள் பெயர்கூடக் கேட்டு வைக்காமல் போனேன். இந்த மலர் அவர்கள் கண்ணில் பட்டால் என் கும்பிடை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

புரட்டாசியில் இந்த வருடத்து ஆண்டுக் கூட்டம் நடந்தது. அக்காவின் பங்குகள் மருமகன் பெயருக்கு மாறியிருந்தன. பதில் ஆளாக இல்லாமல் பங்குதாரராக வந்தான். ஓரத்து நாற்காலியை விட்டுவிட்டு அக்காவின் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில். நடுவில் தம்பி இருந்தான். தம்பியைத் தலைவராக நீட்டிக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவுக் கைகளை எண்ணினான். பிறகு, தலையைத் தூக்காமலே, "எதிர்ப்பு?" என்றான்.

மருமகன் கை தூக்கினான்.

"எதிர்ப்பு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த தம்பி, என்னைப் பார்த்தான். என் கையும் மேலே இருந்தது. மூட்டு வலியில் அது முழுதாக நிமிராது. தோளுக்குச் சற்று மேலே நின்றது.

"அண்ணாச்சி?" என்றான்.

நான் கையை இறக்கவில்லை. தம்பி பேனாவை எடுத்து, எதிர்ப்புக் கணக்கைத் திருத்தினான்.

"ரெண்டு" என்றான்.